ஒரு மூட்டைக்கு நாலு தலை

கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய்க் கடையின் மாடியில்தான் கரிசல் வட்டார மேம்பாட்டு முகமை இருந்தது. அதற்குப் படியேறுவதற்கு முன்னால் வெயிலம்மாள் ஒரு காரியம் செய்வாள். இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு வலது செருப்பைக் கழற்றி, பச்சைப்பிள்ளையைக் குப்புறப் போடுவதுபோல் உள்ளங்கையில் கவிழ்ப்பாள். மீட்டர்ப் பெட்டிக்குப் பின்னால் அவளே செருகி வைத்திருக்கிற ஒடிந்த ரம்பத்துண்டை எடுத்து, குதிகாலிலிருந்து விரல் பக்கமாக ஒரே இழுப்பு. ஊர்க் கரிசல் தோசை மாதிரி உரிந்து வரும். அதைக் கீழே போடமாட்டாள். கூட்டிப் பெருக்குகிறவள் வைவாள். எலுமிச்சை அளவுக்கு உருட்டி, படிக்கட்டின் கைப்பிடிச் சுவர்மேல் வைப்பாள். அப்புறம் இடது செருப்பு. அதற்கும் ஓர் உருண்டை. புடவையில் கையைத் துடைக்காமல், மீட்டர்ப் பெட்டியில் துடைத்துவிட்டு மேலே போவாள்.

அந்த மழைக்காலத்தில் அவள் வாரம் இரண்டு தடவை வந்தாள். உருண்டைகள் வரிசையாகக் காய்ந்து வெடித்து, சின்னச்சின்ன மண்டைகள்போல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தன. சென்னையிலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர் அவற்றைக் கண்டு நின்று, இவை என்ன என்று கேட்டார். முகமையின் கள ஒருங்கிணைப்பாளர் பெனிட்டோ தூத்துக்குடிக்காரன். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. தெரியாது என்று மட்டும் சொல்லக்கூடாது என்பதுதான் அந்த ஐந்து மாதத்தில் அவன் கற்றுக்கொண்டது.

"மண் மாதிரி சார்" என்றான்.

ஆறு உருண்டைகள் பிளாஸ்டிக் உறைக்குள் ஏறி ஆய்வகத்துக்குப் போயின. அடுத்த அறிக்கையின் நாற்பத்தாறாம் பக்கத்தில், 'இவ்வட்டாரக் கரிசலில் ரப்பர்த் துகள்கள் காணப்படுவது மேலாய்வுக்குரியது' என்று ஒரு வரி வந்தது. வெயிலம்மாளுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் செருப்பை மாற்றியிருப்பாள்.

அவள் ஊர் ஆவரங்குளம். பசுவந்தனைக்குத் தெற்கே, பஸ் போய்த் திரும்புகிற ஊர். மூன்றரை ஏக்கர் மானாவாரி. புருஷன் சுடலைக்குமார் கோவில்பட்டி நூல்மில்லில் வாட்ச்மேன். வாரத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்து தூங்குவார். ஆவரங்குளத்துப் பெண்கள் குழுவுக்கு அவள்தான் தலைவி என்பதால், வட்டாரத்தின் வளர்ச்சி பற்றி முகமை எப்போது கூட்டம் போட்டாலும் அவளுக்கு ஒரு நாற்காலியும், பேனாவும், இரண்டு பிஸ்கட்டும் உண்டு. பேனாக்கள் மட்டும் வீட்டில் பதினேழு சேர்ந்திருந்தன. அவளுக்கு வேண்டியிருந்ததோ ஒரு களம்.

உளுந்தைச் செடியோடு பிடுங்கி வந்தால், காயப்போட்டு அடிக்கக் கெட்டித் தரை வேண்டும். ஆவரங்குளத்தில் கெட்டித் தரை என்று இருந்தது தார்ரோடு ஒன்றுதான். எல்லோரும் அதில்தான் பரப்புவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறிப் பாதி அடிப்பை இலவசமாக அடித்துக்கொடுக்கும். போன தையில் ஒரு வாத்தியார் பைக்கோடு உளுந்தஞ்செடியில் வழுக்கி, தோள்பட்டை எலும்பு விலகிப்போனது. இந்த வருஷம் ரோட்டில் ஒரு கொத்து கிடந்தாலும் கேஸ்தான் என்று போலீஸ் வந்து சொல்லிவிட்டுப் போனது. வெறும் கரிசலில் போடவும் முடியாது. ஈரம் இருந்தால் உளுந்து கறுத்துப் பூசணம் பிடிக்கும், வியாபாரி கையால் தொடமாட்டார். ஈரம் இல்லையென்றால் நிலம் வெடித்திருக்கும். வெடிப்புக்குள் விழுந்த மணி அடுத்த புரட்டாசியில்தான் முளைத்து வெளியே வரும். ஆக, தை பிறப்பதற்குள் ஒரு சிமெண்டுத் தரை. இல்லையென்றால் அறுபது வீட்டு உளுந்தும் பாழ்.

இதைத்தான் முகமையின் இயக்குநர் சுந்தரபாண்டியனிடம் அவள் போய்ப் போய்ச் சொன்னாள். அவர் கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே காது கொடுத்துக் கேட்கிறவர்.

"நாங்க எதையும் கட்டமாட்டோம்மா. கட்டுற ஏழு துறையையும் ஒரே மேஜையில உக்கார வைக்கிறதுதான் எங்க வேலை."

"உக்கார வச்சா?"

"பேசுவாங்க."

"பேசுனா?"

"ஒருங்கிணைப்பு வரும்."

"அது வந்தா களம் வருமா சார்?"

சுந்தரபாண்டியன் கோப்பில் ஒரு பக்கம் திருப்பினார். "வரைவுல வரும்" என்றார்.

ஏழு துறையும் உட்காரத்தான் செய்தது. தரை ஒரு துறைக்குச் சொந்தம். தரைக்குமேல் போடுகிற சிமெண்டு இன்னொரு துறைக்கு. சிமெண்டுமேல் காய்கிற உளுந்து மூன்றாவது துறைக்கு. உளுந்தைக் காய வைக்கிற வெயிலுக்கு மட்டும் யாரும் பாத்தியம் கொண்டாடவில்லை. ஆனால் சூரிய மின்சாரக்காரர் ஒருவர் கடைசி நாற்காலியிலிருந்து அதையும் பதிவு செய்துகொள்ளச் சொன்னார். மூன்று கூட்டம் முடிந்தபோது ஆவரங்குளத்து உலர்களம் 'முன்னுரிமைத் தேவைகள்' பட்டியலில் முதலிடத்துக்கு வந்திருந்தது. அங்கேயே சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது.

அந்தச் சமயத்தில்தான் கார்த்திகையில் பக்கத்து ஊர் ஒன்றில் முகமையின் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. இரண்டு நாள் மழை விட்டு வெறித்திருந்தது. கரிசல் காட்டில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்வரிசையில் நடுநாயகமாகச் சென்னையிலிருந்து வந்த பெரிய அதிகாரி. கனமான ஆள். சுந்தரபாண்டியன் வரவேற்புரை ஆற்றினார், நாற்பது நிமிஷம். வட்டாரங்களுக்கிடையே ஏற்றத்தாழ்வு நீங்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, அதிகாரி தாழ்ந்துகொண்டே போனார். முதலில் நாற்காலியின் பின்கால்கள் இறங்கின. அவர் வானத்தைப் பார்த்தார். பிறகு முன்கால்களும் இறங்கின. நியாயமாகச் சமதளத்துக்கு வந்தார். கூட்டத்தில் எல்லோரும் பார்த்தார்கள், யாரும் சொல்லவில்லை. பெரிய மனுஷர் உட்கார்ந்திருக்கிற உயரத்தைப் பற்றி நாம் எப்படிப் பேசுவது? அவர் முழங்கால் நெஞ்சுக்கு வந்தபோது பேச அழைத்தார்கள். எழுந்தார். நாற்காலியும் அவரோடு எழுந்தது, மூன்று காலோடு. நாலாவது கால் இன்னும் அந்தக் காட்டில்தான் இருக்கிறது.

மறுநாளே சுற்றறிக்கை வந்தது. பெனிட்டோ அதைப் படிக்கட்டில் வைத்து வெயிலம்மாளுக்கு வாசித்துக் காட்டினான். அவள் ஒரு செருப்பை முடித்துவிட்டு அடுத்ததைக் கையில் வைத்திருந்தாள்.

"'கெட்டித் தளம் இல்லாத இடங்களில் முகமையின் நிகழ்ச்சிகள் நடத்தலாகாது. தேவைப்படின் விழா ஏற்பாடுகளின் கீழ்த் தற்காலிகத் தளம் அமைத்துக்கொள்ளலாம்.' இனிமே எங்களுக்கு ரொம்பக் கஷ்டம்க்கா."

"அந்தக் கடைசி வரிய இன்னொருக்க வாசிங்க தம்பி."

வாசித்தான்.

"தளம்னா சிமெண்டா?"

"பின்ன? சாணியா மெழுகுவாங்க?"

"இதுக்கு ஏழு தொறையும் உக்காரணுமா?"

"வேண்டாம். விழா எங்க விழாதான. காண்ட்ராக்டருக்கு ஒரு போன் போட்டா மூணு நாள்ல போட்டுருவாரு."

வெயிலம்மாள் இரண்டாவது செருப்பைச் சுரண்டாமலே மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். இயக்குநரைப் பார்க்க வந்ததையே மறந்துவிட்டாள்.

மார்கழிக் கடைசியில் முகமைக்கு ஒரு பெரிய விழா இருந்தது. வட்டாரத்தின் அடுத்த பதினைந்து வருஷத்துக்கான தொலைநோக்கு ஆவணத்தை வெளியிட வேண்டும். கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பெனிட்டோ பார்த்து வைத்திருந்தான். விவசாயிகள் மத்தியில்தான் வெளியிட வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த வேளையில் வெயிலம்மாள் வந்து நின்றாள்.

"எங்க ஊர்ல வையிங்க தம்பி. ரோட்டோரம் பொறம்போக்கு சும்மாதான கெடக்கு."

"எத்தனை பேரு வருவாங்க?"

"எத்தன பேருக்கு எவ்வளவு தளம் போடுவீய?"

"ஒரு ஆளுக்கு எட்டு சதுர அடி கணக்கு."

அறுபது வீட்டு உளுந்துக்கு எவ்வளவு தரை வேண்டும் என்பதை அவள் முன்தினமே காலடி வைத்து அளந்துவிட்டிருந்தாள். இப்போது அதை எட்டால் வகுக்க வேண்டியிருந்தது. விரல்களைப் புடவைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு வகுத்தாள்.

"முந்நூறு பேரு" என்றாள்.

பெனிட்டோ நிமிர்ந்தான். "அக்கா, போன கூட்டத்துக்கு முப்பத்தோரு பேரு. அதுல நாங்க பதினாலு."

"அது வேற ஊரு. எங்க ஊர்ல வளர்ச்சின்னா உசுர விடுவாவ."

"முந்நூறுக்குத் தளம் போட்டு முப்பது பேரு வந்தா என் வேலை போயிரும்க்கா. நெசமாத்தான் சொல்லுதேன்."

"முந்நூறு வரும். வரலன்னா ஒங்க வேலைய நான் பாக்கேன்."

ஆவரங்குளத்தில் மொத்தம் இருநூற்றுச் சொச்சம் பேர்தான் இருந்தார்கள், கைக்குழந்தைகளையும் திருப்பூரில் இருக்கிறவர்களையும் சேர்த்து. இதைப் பக்கத்துக் காட்டுக்காரி நேசம்மாள்தான் ஞாபகப்படுத்தினாள். நேசம்மாள் சர்ச்சில் பாட்டுக்குழு நடத்துகிறவள். ஆள் சேராத கஷ்டம் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"ஏட்டி வெயிலு, கிறிஸ்மஸ் ஆராதனைக்கே நூத்தம்பது தாண்ட மாட்டேங்கு. அங்கன கேக்கு வேற குடுக்காவ. ஒன் தொலைநோக்குக்கு எவ வருவா?"

"களம் வேணும்னா வருவா."

"களத்த யாருக்குன்னு போடுத? சிமெண்டு காஞ்சதும் மொத ஆளா வந்து பரப்பிட்டுப் போவா. கூட்டத்துக்கு வரமாட்டா."

வெயிலம்மாள் வரப்பில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஒரு உளுந்தங்காயை உடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "ஒரு மூட்டைக்கு நாலு தல."

"என்னது?"

"ஒரு மூட்ட காயப்போடணும்னா விழாவுக்கு நாலு தலைய இட்டாரணும். தல எண்ணிக்கைக்குத்தான் முறை. கூடக் கொண்டாந்தவளுக்கு மொத வெயிலு. தல கொண்டாராதவ கடைசி."

"பச்சப்புள்ள?"

"அர தல."

இது ஊருக்குள் பரவியதற்குப் பிறகு ஆவரங்குளத்தில் சொந்தபந்தங்களுக்கு வந்த மவுசு கொஞ்சமல்ல. பத்து வருஷமாகப் பேசாத நாத்தனார்களுக்குப் போன் போனது. ஒருத்தி புதியம்புத்தூர் தையல் கம்பெனியிலிருந்து தங்கச்சியையும், தங்கச்சி தைக்கிற வரிசையிலிருந்த பதினோரு பேரையும் லீவு போட வைத்தாள். ஒருத்தி ஏழு மாசக் கர்ப்பமாக இருந்த மருமகளை ஒன்றரைத் தலையாகக் கணக்கில் சேர்க்கச் சொல்லிச் சண்டைக்கு வந்தாள். நேசம்மாள் தீர விசாரித்து, வயிற்றுப்பிள்ளைக்குக் காலே அரைக்கால் தலை கொடுத்தாள். டீக்கடைக்காரர், பாத்திரம் விற்க வந்தவர் ஒருவரை விழா முடிகிறவரை விடமாட்டேன் என்று கட்டிலைப் போட்டு உட்கார வைத்துவிட்டார்.

தளம் மூன்றே நாளில் வந்தது. சாம்பல் நிறத்தில், வழவழவென்று, மார்கழிப் பனியில் ஒரு பெரிய சிலேட்டுப் பலகை போலக் கிடந்தது. பெண்கள் தினமும் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார்கள். யாரும் மிதிக்கவில்லை. ஒரு கோழி மட்டும் குறுக்கே நடந்தது. அதைத் தெருவே துரத்தியது.

விழாவன்று நானூற்றுப் பதினேழு பேர். வேன்களில், ஆட்டோக்களில், நடந்தும் வந்துகொண்டே இருந்தார்கள். பெனிட்டோவுக்குக் கண் கலங்கிவிட்டது. வந்த பெரிய அதிகாரி, முன்பு தாழ்ந்தவரேதான், முதலில் ஷூ முனையால் தரையைத் தட்டிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து, இரண்டு நிமிஷம் காத்திருந்து, இருந்த இடத்திலேயே இருப்பது உறுதியானதும் சிரித்தார்.

அவர் பேசினார். "இப்படியொரு மக்கள் பங்கேற்பை என் முப்பது வருஷ அனுபவத்தில் பார்த்ததில்லை. வளர்ச்சி மேலிருந்து கீழே வரக்கூடாது. கீழிருந்து மேலே போக வேண்டும்."

முன்வரிசைப் பெண்கள் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குதிகாலால் அழுத்திப் பார்த்தார்கள். ஒருத்தி நாலு விரற்கடை ஒதுங்கி உட்கார்ந்து, தன் மூட்டை எங்கே வரும் என்று கண்ணாலே கோடு போட்டாள். இதை அடக்கம் என்று அதிகாரி எடுத்துக்கொண்டார். எழுதி வைத்திருந்த தாளை மடித்துவிட்டு, எழுதாத ஒன்றைக் கேட்டார்.

"சொல்லுங்கள். உங்களுக்கு என்ன வேண்டும்? இப்போதே, இங்கேயே சொல்லுங்கள்."

வெயிலம்மாள் சட்டென்று பின்வரிசைகளைத் திரும்பிப் பார்த்தாள். யாராவது 'களம்' என்று வாயைத் திறந்தால் போச்சு. ஏழு துறையும் மறுபடி மேஜையில் உட்கார்ந்துவிடும். இந்தத் தளத்தையே தொடக்கூடாது என்று ஒருத்தர் எழுதுவார், அளக்க வேண்டும் என்று இன்னொருத்தர் எழுதுவார். மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர் கையைத் தூக்கிவிட்டார். நேசம்மாள் அந்தக் கையை எட்டிப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

வெயிலம்மாள் எழுந்தாள். "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம் சார். நல்லாருக்கோம்."

அதிகாரி சுந்தரபாண்டியனைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் எந்த ஊரிலும் இந்தப் பதில் அவருக்குக் கிடைத்ததில்லை.

"எதுவுமேவா வேண்டாம்?"

"ஆவணம் இருக்குல்லா சார். அது போதும்."

நானூற்றுப் பதினேழு பேரும் கைதட்டினார்கள். பாத்திரக்காரர்தான் பலமாகத் தட்டினார். அவரை எப்போது விடுவார்கள் என்பது அப்போதும் அவருக்குத் தெரியவில்லை.

பொங்கல் கழிந்த நாலாம் நாள் தளத்தில் முதல் முறை உளுந்து பரப்பியிருந்தது. பதினெட்டுத் தலை கொண்டுவந்த வீட்டுக்காரி நடுவில், மற்றவர்கள் ஓரத்தில். அன்று காலையில் மஞ்சள் நிற ஜேசிபி ஒன்று ஊருக்குள் வந்து தளத்துக்குமுன் நின்றது. ஓட்டுநர் ஒரு காகிதத்தை நீட்டினார். 'தற்காலிகத் தளம் விழா முடிந்த ஏழு நாட்களுக்குள் அகற்றப்பட வேண்டும்.'

"எதுக்கு அகத்தணும்?" என்றாள் வெயிலம்மாள்.

"எனக்கு என்னக்கா தெரியும்? தற்காலிகம்னு போட்டிருக்கு."

"வாழ்க்கையே தற்காலிகம்தான். ஒன் வண்டியக் கொண்டு எல்லாத்தையும் இடிச்சிருவியா?"

"பேச்சு நல்லாருக்கு. கொஞ்சம் உளுந்த அள்ளுங்க."

"அள்ளமாட்டோம். ஏத்து. ஏத்திப் பாரு. ஒரு மணி ஒடஞ்சாலும் ஒன் வண்டி டயர்ல வட சுட்ருவோம்."

ஓட்டுநர் இறங்கி டீக்கடைக்குப் போய்விட்டார். செய்தி போய்ப் பெனிட்டோ பைக்கில் பறந்து வந்தான்; வந்து, இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டு நடுவில் நின்றான். பத்து மணி வாக்கில் முகமையின் ஜீப் வந்தது. சுந்தரபாண்டியன் இறங்கினார். கையில் கோப்பு இல்லாமல் அவரை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

"சார், நான் சொல்லுததக் கேளுங்க" என்று வெயிலம்மாள் ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. ரோட்டைச் சொன்னாள், வாத்தியாரின் தோள்பட்டையைச் சொன்னாள், கரிசலைச் சொன்னாள், பதினேழு பேனாவைச் சொன்னாள். ஏழு துறையையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வைதாள். எட்டாவதாக ஒன்றைச் சேர்த்தும் வைதாள். சுந்தரபாண்டியன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தளத்தின் ஓரத்தில் குந்தினார். நாலு மணி உளுந்தை எடுத்து உள்ளங்கையில் ஊதி, ஒன்றைக் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடித்தார். மெதுவாக மென்றார்.

"இன்னும் ரெண்டு வெயில் வேணும்" என்றார்.

செருப்பை மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். சற்று நேரத்தில் ஜேசிபியும் போனது. அதன்பிறகு வரவே இல்லை. தையிலும் மாசியிலும் அறுபது வீட்டு உளுந்தும் அங்கேதான் காய்ந்தது. அடுத்து மக்காச்சோளம் காய்ந்தது. தன் வாய்க்குப் பயந்துதான் ஜேசிபி ஓடியது என்று வெயிலம்மாள் சொன்னாள். ஊரும் அப்படியே நம்பியது. நேசம்மாள் மட்டும், டயரில் வடை சுடுவதென்றால் எப்படி என்று இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஜேசிபி ஏன் திரும்பி வரவில்லை என்பது ரொம்பப் பின்னால்தான் தெரியவந்தது. அந்த வாரமே முகமையின் கோப்பில், 'ஆவரங்குளம் தற்காலிகத் தளம் முழுமையாக அகற்றப்பட்டு, நிலம் பழைய நிலைக்குக் கொண்டுவரப்பட்டது' என்று சுந்தரபாண்டியன் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சான்றாக ஒரு படமும் இணைத்திருந்தது. பெனிட்டோ எடுத்தது. அறுவடை முடிந்த வெறும் கரிசல் நிலத்தில் ஒரு பெண் நின்று கீழே கையைக் காட்டிச் சிரிக்கிறாள். 'வெற்றி விவசாயிகள்' என்ற படவரிசைக்கு என்று சொல்லி, வெயிலம்மாளை அவள் காட்டிலேயே நிறுத்தி எடுத்த படம் அது.